வெயிலில் வரும் வெள்ளம்

நம் ஊரின் பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது. 'ஆயர்' என்றால் மலாய் மொழியில் தண்ணீர். 'தாவார்' என்றால் உப்புக் கரிக்காதது. லுமுட், பந்தாய் ரெமிஸ் என்று பக்கத்தில் கடல் கிடக்க, இங்கே குடிக்க நல்ல தண்ணீர் இருக்கிறதே என்ற மகிழ்ச்சியில் வைத்த பெயர் போலும்!

ஆனால் ஆயர் தாவார்க்காரனுக்கு அருவி என்பது ஊரில் இல்லாத பொருள். நம் பக்கம் தட்டை பூமி. பால்மரம் நின்ற இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது. தோட்டத்துக் கானில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைக் காய்ந்த இலை ஒன்றைப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். இப்படிப் பிறந்து வளர்ந்தவனுக்கு, பாறையிலிருந்து தண்ணீர் கொட்டுவதைப் பார்க்க ஆசை இருக்காதா? பள்ளி விடுமுறை வந்தால், சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை வந்தால், ஆளுக்குக் கொஞ்சம் வெள்ளி போட்டு வேன் பிடித்து மலைப்பக்கம் கிளம்பிவிடுகிறோம்.

சாலையோரத்து அருவிகள் எல்லாருக்கும் தெரிந்தவை. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில் லாத்தா இஸ்கண்டார். வண்டியை நிறுத்தியதும் காலை நனைக்கலாம். செண்டிரியாங் பக்கத்து லாத்தா கிஞ்சாங், வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் போகும்போதே மலைமேல் வெள்ளை வேட்டி உலர்த்தியது போலத் தெரியும். பாட்டி முதல் கைக்குழந்தை வரை போய் வரலாம்.

இளவட்டங்களுக்கு இது போதவில்லை. கைத்தொலைபேசியில் யாரோ போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, "ஆத்துக்குள்ளேயே நடந்து போனா, ரெண்டு பாறைக்கு நடுவுல ஒரு அருவி இருக்காம்ணே. யாருக்குமே தெரியாதாம்!" என்கிறார்கள். கோப்பெங் பக்கம், தாப்பா பக்கம், புருவாசுக்கு மேலே என்று நம் பேராக் மலைகளில் அப்படி மறைந்து கிடக்கும் அருவிகள் பல உண்டு. அந்த நடையைப் பற்றித்தான் இந்த வாரம் நாம் எழுதுகிறோம். போகாதே என்று தடுப்பதற்காக அல்ல. போகிறவன் எதற்குள் நுழைகிறான் என்பதை அவன் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடிவாரத்தில் பாதை ஒழுங்காகத்தான் இருக்கும். டுரியான் மரங்கள், யாரோ ஒருவருடைய சின்ன ரப்பர்த் தோட்டம், ஒரு மரப்பாலம். கொஞ்ச தூரம் போனதும் பாதை ஆற்றில் இறங்கிவிடும். அதற்குப் பிறகு ஆறுதான் பாதை. முழங்கால் தண்ணீரில் கல்லுக்குக் கல் கால் மாற்றி நடக்க வேண்டும். ரோத்தான் முள் சட்டையைப் பிடித்து இழுக்கும். அட்டை எப்போது ஏறியது என்றே தெரியாது. இறங்கி வந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான் ரத்தம் தெரியும். புகையிலைத் தண்ணீர், சவர்க்காரம் என்று அட்டைக்கு நம் தோட்டத்துப் பாட்டிகள் சொன்ன வைத்தியத்தையே இன்றைக்கும் பலர் செய்கிறார்கள்.

சப்பாத்து என்றதும் ஒரு வார்த்தை. பட்டணத்துப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கான வெள்ளி கொடுத்துக் காலணி வாங்கிக்கொண்டு வருகிறார்கள். மலை ஏறிப் பழகியவர்களில் பலர் போடுவது என்ன தெரியுமா? நாம் பால் வெட்டப் போட்டுப் போனோமே, அடியில் குமிழ் குமிழாக இருக்கும் கறுப்பு ரப்பர்ச் சப்பாத்து, அதைத்தான்! அதற்குக் 'கம்போங் அடிடாஸ்' என்று பட்டப்பெயர். ஈரப் பாறையில் அது பிடிக்கும் பிடிப்பு வேறு எதற்கும் வராது என்பார்கள். பால் வாளியோடு ஈரக்காட்டில் ஏறி இறங்கியவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மேலே போகப் போக இரண்டு பக்கத்துப் பாறையும் நெருங்கி வரும். கையை நீட்டினால் இரு புறமும் தொட்டுவிடலாம் போன்ற இடமெல்லாம் உண்டு. அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு முழத் துணி. நண்பகலிலேயே சாயங்கால வெளிச்சம். பாறையில் பாசியும் பெரணியும். காற்று திடீரென்று குளிரும். அருவி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காதுக்குத் தெரியும். ஒரு வளைவு திரும்பினால், அடேயப்பா! அத்தனை நேரம் நடந்த களைப்பு அந்த இடத்தில் மறந்து போகும். நாள் முழுக்கக் குலை அறுத்துத் தோள் இற்றுப்போன ஒரு தொழிலாளி அந்தத் தண்ணீருக்குக் கீழே நிற்கும் சுகத்தை நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம். அது அவன் உரிமை என்றுகூடச் சொல்வோம்.

ஆனால் நடந்து வந்த வழியில் ஒன்றைக் கவனித்தீர்களா? உங்கள் தலைக்கு மேலே, பாறையிடுக்கிலும் மரக்கிளையிலும், காய்ந்த சருகும் வேரும் சுள்ளியும் கொத்துக் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருக்கும். குருவிக்கூடு போல இருக்கும். அது குருவி கட்டியதல்ல. அதை அங்கே கொண்டுபோய்ச் சொருகியது தண்ணீர். முழங்காலளவு ஓடுகிற இதே ஆறு, ஒரு நாள் உங்கள் தலைக்கு மேலே ஓடியிருக்கிறது.

கருங்கல் மலையில் விரிசல் விட்ட இடமாகப் பார்த்துத் தண்ணீர் இறங்குகிறது. மணலையும் கல்லையும் உருட்டி உருட்டித் தேய்த்து, எண்ண முடியாத ஆண்டுகளில் தனக்கு ஒரு வாய்க்கால் வெட்டிக்கொள்கிறது. அந்த வேலையில் பெரும்பங்கு நாம் காண்கிற அமைதியான ஓட்டத்தால் நடந்ததல்ல. எப்போதாவது வருகிற வெள்ளம் செய்தது. ஆனை அளவு பாறையெல்லாம் நடு ஆற்றில் கிடக்கிறதே, அவற்றை அங்கே தள்ளியதும் அதுதான். எந்த வெள்ளம் அந்த இடத்தை அழகாக்கியதோ அதே வெள்ளம்தான் ஆளையும் கொண்டுபோகிறது.

மலாய்க்காரர்கள் இதைக் 'கெப்பாலா ஆயர்' என்கிறார்கள். தண்ணீரின் தலை. நல்ல பெயர். தலை வரும்வரை ஒன்றும் இல்லை. வந்துவிட்டால் உடல் முழுவதும் பின்னாலேயே வருகிறது.

வானம் பார்ப்பது நமக்குப் புதிதா? பெரட்டுக்குப் போகிற இருட்டிலேயே மேகத்தைப் பார்த்து இன்றைக்கு வெட்டு உண்டா இல்லையா என்று சொல்லிவிடுகிற சனம் நாம். மரம் ஈரமாக இருந்தால் வெட்டு இல்லை. வெட்டிய பிறகு மழை வந்தால் மங்கில் உள்ள பாலெல்லாம் வழிந்து போகும், அன்றைய சம்பளமும் அதோடு போகும். அதனால் மழையை நாம் பயத்தோடுதான் பார்த்து வந்திருக்கிறோம். ஆனால் அந்த மழை நம் தலையில் விழுகிற மழை. நம் நிரையில், நம் மரத்தில் பெய்கிற மழை. மலையிடுக்கில் ஆளைக் கொல்கிற மழை அப்படியில்லை. அது உங்கள் தலையில் விழாது. இங்கே வெயில் சுள்ளென்று அடிக்கும். இரண்டு பாறைகளுக்கு நடுவில் நிற்கிற உங்களுக்கு, மலைக்கு அந்தப் பக்கம் இருண்டு கிடப்பது தெரியவே தெரியாது. "மழையே இல்லையே, என்ன பயம்?" என்று சொல்லிக்கொண்டே சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள்.

தோட்டக் கணக்கிலேயே இதைப் பார்ப்போம். மலை உச்சியில் 250 ஏக்கர், அதாவது ஏறக்குறைய ஒரு சதுர கிலோமீட்டர் நிலம். அதன்மேல் 4 அங்குல மழை. தோட்டத்து ஆபீசில் மழை அளந்து எழுதியவர்களுக்கு 4 அங்குலம் என்பது கேள்விப்படாத அளவல்ல. அந்தத் தண்ணீரின் எடை 100,000 டன். பத்து டன் ஏற்றும் பழ லாரியில் ஏற்றினால் பத்தாயிரம் லாரி! தட்டை நிலத்தில் இது கானிலும் சதுப்பிலும் பரவி மெல்ல வடியும். மலையில் பரவ இடமில்லை. நாலு பக்கத்துச் சரிவிலிருந்தும் ஒரே இடுக்குக்குத்தான் வந்தாக வேண்டும். மண் ஏற்கெனவே ஊறிப்போயிருந்து, அதில் பாதித் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் இறங்கினால்கூட, வினாடிக்கு ஏறக்குறைய 14 டன். பத்தடி அகலமுள்ள இடுக்கில் வினாடிக்கு ஒன்றரை லாரித் தண்ணீர் வந்தால் மனிதன் எங்கே நிற்பான்?

இன்னொரு கணக்கும் உண்டு. தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் பலம் நாலு மடங்காகும். வேகமாக ஓடும் தண்ணீர் அரையடி ஆழம் இருந்தாலே வளர்ந்த ஆளைச் சாய்த்துவிடும் என்கிறார்கள். நீச்சல் தெரிந்தவன்கூட இதில் நீந்துவதில்லை, உருளுகிறான். அதோடு மேலே எங்காவது மரம் விழுந்து ஆற்றை அடைத்திருந்தால், பின்னால் தேங்கிய தண்ணீர் அணை உடைந்தது போல ஒரேயடியாக வரும். தண்ணீரோடு மரக்கட்டையும் பாறையும் சேர்ந்து வரும்.

இது கதையல்ல என்பதற்கு நம் பேராக்கிலேயே சாட்சி இருக்கிறது. 1996 ஆகஸ்ட் 29-ஆம் தேதி, கம்பார் பக்கத்தில் போஸ் டிப்பாங். மலைமேல் கொட்டிய மழையில் டிப்பாங் ஆறு மண்ணும் மரமுமாகத் திரண்டு வந்து ஓராங் அஸ்லி மக்களின் குடியிருப்பை அடித்துக்கொண்டு போனது. 44 உயிர்கள். அவர்கள் உல்லாசமாகக் குளிக்கப் போனவர்கள் அல்ல. தலைமுறை தலைமுறையாகக் காட்டையும் ஆற்றையும் அறிந்த மக்கள். அவர்களையே அந்த ஆறு விடவில்லை.

2021 ஆகஸ்ட் 18-ஆம் தேதி கெடா மாநிலத்தில் ஜெராய் மலை. அதன் உயரம் 1,217 மீட்டர். கடற்கரை ஓரத்திலேயே தனியாக நிற்கும் மலை. யான் பக்கத்துத் தித்தி ஹாயுன் அருவி பலருக்கும் தெரிந்த குளிக்கும் இடம். அன்று மலையிலிருந்து சேறும் பாறையும் வேரோடு பிடுங்கிய மரங்களும் இறங்கி வந்தன. 6 பேர் மாண்டனர். அடுத்த ஆண்டு, 2022 ஜூலை 4-ஆம் தேதி, அதே கெடாவில் பாலிங் வட்டாரம், கூப்பாங். 3 பேர். வீட்டுக்குள் இருந்தவர்களைத் தேடி வந்த தண்ணீர் அது.

நம் நாட்டு மழைதான் இப்படி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஆண்டிலோப் என்றொரு பாறையிடுக்கு. பாலைவனம். மணற்பாறையைத் தண்ணீர் சேலை மடிப்பு போல அறுத்து வைத்திருக்கிறது. உலகமெங்கும் இருந்து வந்து பார்க்கிறார்கள். 1997 ஆகஸ்ட் 12-ஆம் தேதி, பல மைல் தொலைவில் பெய்த இடிமழை அந்த இடுக்குக்குள் வெள்ளமாக வந்து 11 பேரைக் கொன்றது. அவர்கள் நின்ற இடத்தில் பெருமழை ஒன்றும் இல்லை. 1999 ஜூலை 27-ஆம் தேதி சுவிட்சர்லாந்தில், மலையிடுக்கு ஆற்றில் இறங்கி விளையாடப் போன கூட்டத்தில் 21 பேர் போனார்கள். அவர்களிடம் தலைக்கவசம் இருந்தது, கயிறு இருந்தது, கூட வழிகாட்டிகளும் இருந்தார்கள். இறந்தவர்களில் வழிகாட்டிகளும் உண்டு.

தமிழ்நாட்டுக்குப் போய் வந்த நம்மவர்கள் குற்றாலத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அங்கேயும் கீழே உள்ள பேரருவியோடு கதை முடிவதில்லை. செண்பகாதேவி அருவி, அதற்கும் மேலே தேனருவி என்று மலைக்குள் நடந்தால் ஒன்றன் பின் ஒன்றாக வரும். சாரல் காலத்தில் தண்ணீர் கூடினால் காவலர்கள் குளிக்க விடமாட்டார்கள். "காசு செலவு பண்ணி இவ்வளவு தூரம் வந்தோம், விடமாட்டேங்கிறானே!" என்று சலித்துக்கொண்டவர்கள் உண்டு. 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் சனம் குளித்துக்கொண்டிருக்கும்போதே திடீரென்று வெள்ளம் பாய்ந்தது. 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். ஒரு பிள்ளையைப் பெற்று அத்தனை வயது வரை வளர்ப்பது என்றால் என்னவென்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தண்ணீர் முன்கூட்டி ஏதாவது சொல்லுமா என்றால், பல நேரம் சொல்லும். கண்ணாடி போல் இருந்த ஆறு தேத்தண்ணி நிறமாகக் கலங்கும். பச்சை இலையும் சுள்ளியும் மிதந்து வரும். காய்ந்திருந்த கல்லின்மேல் தண்ணீர் ஏறும். சில வேளை ஆறு திடீரென்று வற்றும். அதுதான் மோசம், மேலே எங்கோ அடைத்துக்கொண்டது என்று பொருள். மண்வாடையோடு குளிர்ந்த காற்று கீழே இறங்கும். ரயில் வருவது போல ஓர் இரைச்சல் கேட்கும். இதில் ஒன்றைக் கண்டாலும் ஓட வேண்டிய திசை, வந்த வழியல்ல. ஆற்றோடு கீழே ஓடுகிறவனைத் தண்ணீர் துரத்திப் பிடித்துவிடும். பக்கத்துச் சரிவில் ஏற வேண்டும். மரத்தைப் பிடித்து, வேரைப் பிடித்து, எவ்வளவு முடியுமோ அவ்வளவு மேலே.

சட்டியை விடுங்கள்! நம் சனத்திடம் இந்த ஒரு குறை இருக்கிறது. பாறைமேல் அடுப்பு மூட்டிக் கோழிக்கறி கொதித்துக்கொண்டிருக்கும். "அய்யோ, சட்டி போகுதே!" என்று குழந்தையை ஒரு கையிலும் சட்டியை ஒரு கையிலும் எடுக்கப் பார்ப்பார்கள். வாளி போனால் வாங்கிக்கொள்ளலாம், செருப்பும் கைத்தொலைபேசியும் போனாலும் வாங்கிக்கொள்ளலாம். தண்ணீரில் இறங்கப் போகிறவர்கள் தண்ணி போட்டுவிட்டு இறங்குவதைப் பற்றி எழுதினால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். கால் நிதானமில்லாதவனுக்குப் பாசிப் பாறையே போதும், வெள்ளம் வர வேண்டியதில்லை.

இடுக்கின் நடுவில் நிற்பவனுக்கு ஏறுவதற்குச் சரிவே கிடையாது. இருபுறமும் சுவர். அங்கே அறிகுறியைக் கண்டு என்ன பயன்? ஆகவே முடிவை இடுக்குக்கு வெளியே நின்று எடுக்க வேண்டும். வேனில் ஏறுவதற்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை அது. வானிலை இலாகாவின் மைச்சுவாச்சா என்ற செயலி இன்று எல்லாப் பிள்ளைகளின் கைத்தொலைபேசியிலும் வரக்கூடியது. அதில் மஞ்சோங் மாவட்டத்தைப் பார்த்துவிட்டு "நல்ல வெயில்" என்று கிளம்பிவிடாதீர்கள். மஞ்சோங் வெயில் நம் துணி காய்வதற்குத்தான் உதவும். போகிற மலை எந்த மாவட்டம்? தாப்பா, செண்டிரியாங் என்றால் பாத்தாங் பாடாங். கோப்பெங் என்றால் கம்பார். அங்கே பாருங்கள். இடிமழை எச்சரிக்கை இருந்தால் அன்றைக்குச் சாலையோரத்திலேயே சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புங்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் நம் மேற்குக்கரைப் பக்கம் பிற்பகல் இடிமழை அதிகம். அந்த மாதங்களில் இன்னும் எச்சரிக்கை வேண்டும்.

வழி தெரிந்த ஆள் கூட இருக்க வேண்டும். கோப்பெங் மலைப்பக்கம் ஊலு கெரோவில் செமாய் இனத்து ஓராங் அஸ்லி இளைஞர்கள், ரஃப்ளீசியா பூவைக் காட்ட ஆட்களைக் காட்டுக்குள் அழைத்துப் போகிறார்கள். அப்படிப்பட்ட ஒருவர் மேகத்தைப் பார்த்துவிட்டு "இன்றைக்கு வேண்டாம்" என்றால், கொடுத்த காசை நினைத்து அவரோடு வாதாடாதீர்கள். காப்புக்காடு என்றால் வனத்துறையின் அனுமதிச் சீட்டும் வாங்க வேண்டும். அது வெறும் காகிதம் அல்ல. யார், எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று வெளியே ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். அதே கணக்கை வீட்டிலும் சொல்லிவிட்டுப் போங்கள், எந்த மலை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று. பாறையிடுக்கில் தொலைபேசிக் கோடு கிடைக்காது. 999 அழைப்பதற்கு ஆள் வெளியில்தான் இருந்தாக வேண்டும்.

அக்கரையில் மாட்டிக்கொண்டால்? உட்கார்ந்திருங்கள். மலையாறு பெரும்பாலும் சீக்கிரமே இறங்கிவிடும். சில மணி நேரம் பசியும் கொசுவும் பொறுத்தால் போதும். "இருட்டப் போகுது, கயிறு கட்டி இழுத்துக்கலாம்" என்று நடுவில் இறங்குகிறார்களே, அதுதான் ஆபத்து.

அருவியின் அடியில் உள்ள பொய்கை பற்றியும் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு நீச்சல் தெரியாது. தோட்டத்தில் யார் நீச்சல் குளம் கட்டிக் கொடுத்தார்கள்? கானிலும் ஈயக்குட்டையிலும் கைகால் அடித்துப் பழகியதை நீச்சல் என்று நினைக்கிறார்கள். அருவி விழும் இடத்தில் தண்ணீர் நுரைத்துக் காற்றோடு கலந்திருக்கும். அதில் உடம்பு மிதப்பது குறைவு. விழும் தண்ணீர் ஆளைக் கீழே அழுத்திச் சுழற்றும். ஓரத்தில் நின்று குளித்தாலும் அதே குளிர்ச்சிதான்.

போய் வந்து ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் கண்டால், கிளினிக்கில் "ஆற்றில் குளித்தோம்" என்று மறக்காமல் சொல்லுங்கள். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரால் வரும் காய்ச்சலாக இருக்கலாம். நேரத்தோடு மருந்து கொடுத்தால் குணமாகும். சொல்லாவிட்டால் டாக்டர் டெங்கியைத்தான் முதலில் தேடுவார்.

நேரத்துக்கு வருவோம். பால் வெட்டின சனத்துக்கு விடியற்காலை எழுந்திருப்பது சிரமமா? ஐந்து மணிக்கு ஆயர் தாவாரை விட்டால், வழியில் பசியாறிக்கொண்டு, வெளிச்சம் வந்ததும் நடக்கத் தொடங்கலாம். அருவியில் ஒன்றரை மணி நேரம் ஆசை தீரக் குளிக்கலாம். ஒருவர் மட்டும் குளிக்காமல் ஆற்றின் மேல்பக்கம் பார்த்தபடி பாறையில் உட்கார்ந்திருக்கட்டும், முறை மாற்றிக்கொள்ளலாம். பன்னிரண்டு மணிக்குள் இடுக்கை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். கோழிக்கறியை வீட்டிலேயே சமைத்துக் கொண்டுபோய், சாலையோரக் கொட்டகையில் உட்கார்ந்து, மலைமேல் மேகம் கூடுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம்.